விசைப்பலகை மறைத்த பொத்தான்

கைத்தொலைபேசியில் விண்ணப்பம் நிரப்பும் மாணவர், இறுதிப் பொத்தானைக் காணாது தவிக்கின்றார். திரையில் எழுந்த விசைப்பலகை அதனை மறைத்துவிட்டது.

இத்தகைய குறைகளைத் தேட, மனிதருக்குப் பதிலாகத் தாமே எழுத்திட்டுப் பொத்தான் அழுத்தும் கருவிகள் உள. 2004இல் சிக்காகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடக்கிய ‘செலினியம்’ புகழ்பெற்றது. பாதரச நஞ்சைச் செலினியம் தணிக்குமாம். பாதரசத்தின் பெயர் பூண்ட போட்டி நிறுவனத்தைச் சீண்டவே இப்பெயர்! அதன் வழிவந்த ‘அப்பியம்’ கைத்தொலைபேசியையும் இயக்கும்.

கணினி உலாவியைக் கைத்தொலைபேசி அளவுக்குச் சுருக்கிச் சோதிப்பது எளிதே. ஆயின், அங்கே திரை விசைப்பலகை எழாது; குறையும் தென்படாது. அதுவே போதுமென்பாருடன் நாம் உடன்படோம். மெய்யான கைத்தொலைபேசியைக் கம்பியாற் கணினியுடன் இணைத்து, அதன் குரோம் உலாவியிற் பெயரெழுதும் கட்டத்தை அப்பியம் தொடுமாறு பணித்தல் வேண்டும். விசைப்பலகை எழும், அக்கணமே திரையைப் படமெடுக்கவும் கட்டளையிடலாம். பொத்தான் மறைந்திருப்பதை மாணவருக்கு முன்னரே பொறியியலாளர் காண்பர்.