மரணத்தை ஜன்னல் அதிரப் பாடுகிறார்கள், தெரியுமா?

சாவைப் பற்றிய பாட்டென்றால் தழுதழுத்த குரலில், மெல்லப் பாடுவது என்றுதானே நினைக்கிறோம்? அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பக்கத்து 'சேக்ரட் ஹார்ப்' பாடகர்கள் மரணத்தையும் நித்தியத்தையும் அடிவயிற்றிலிருந்து பாடுகிறார்கள், ஜன்னல் அதிர! பக்கவாத்தியம் கிடையாது. கைதட்ட ஆளும் கிடையாது. வந்தவர் எல்லோரும் பாட வேண்டியதுதான்.

உட்காரும் விதமே அதிசயம். நான்கு குரல் பிரிவுகளாகப் பிரிந்து, நான்கு பக்கமாக, நடுவைப் பார்த்து உட்காருவார்கள். ஒவ்வொருவராக எழுந்து வந்து நடுவில் நின்று, கையை மேலும் கீழும் வீசித் தாளம் காட்டுவார்கள். நாலாபுறமிருந்தும் பாட்டு வந்து மோதும் இடம் அது. அதைவிட நல்ல இடம் அந்தக் கூடத்திலேயே இல்லை!

முதல் சுற்றில் சாகித்யமே வராது, தெரியுமா? பா, ஸோல், லா, மி என்று ஸ்வரம் மட்டும்தான், நம் கீதப் பாடம் மாதிரியே! நோட்டில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு வடிவம்: பா முக்கோணம், ஸோல் வட்டம், லா சதுரம், மி சாய்சதுரம். 1801-ல் வந்த லிட்டில், ஸ்மித் இருவரின் பாடப்புத்தகத்தில் இருந்த இந்த உபாயத்தால், சங்கீதப் பள்ளி வாசலை மிதிக்காத விவசாயிகளும் நோட்டைப் பார்த்துப் பாடினார்கள்.

மெட்டமைத்தவர்கள் யார் என்கிறீர்கள்? பாஸ்டனின் வில்லியம் பில்லிங்ஸ் தோல் பதனிட்டவர். அவருடைய 1770-ஆம் வருடத்துப் புத்தகத்துக்கு முகப்புப் படம் செதுக்கியவர், அமெரிக்க விடுதலைப் போரில் புகழ்பெற்ற பால் ரிவியர்! டேனியல் ரீட் சீப்பு செய்தவர். தொப்பி செய்த டிமதி ஸ்வானின் 'சீனா' என்ற மெட்டு நியூ இங்கிலாந்தின் இழவு வீடுகளில் நெடுங்காலம் ஒலித்தது. செத்தபின் என்ன ஆவேன் என்று ஆன்மா நடுங்கும் 'இடுமியா' பாட்டோ, 2003-ல் 'கோல்ட் மவுன்டன்' படத்தின் போர்க்களக் காட்சிவரை வந்துவிட்டது!

1844-ல் வொயிட், கிங் என்ற இருவர் இந்தப் பாடல்களை 'சேக்ரட் ஹார்ப்' என்ற புத்தகமாகத் தொகுத்தார்கள். அதே ஆண்டு, இருபதுகளிலேயே, கிங் இறந்துபோனார். பெரிய கூடுகைகளில் இன்றும் கொஞ்ச நேரம் மற்றதெல்லாம் நிற்கும். அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து, அவர்களுக்காகப் பாடுவார்கள். எனக்கு இவர்களிடம் மிகப் பிடித்த வழக்கம் இது. பிறகு மறுபடி முழு வீச்சில் அடுத்த பாட்டு! மதியம் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை மேஜையில் பரப்பிப் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, திரும்ப வந்து பாடுவார்கள். 2025-ல் அந்தப் புத்தகத்தின் புதிய பதிப்பும் வந்துவிட்டது, இன்று வாழ்பவர்கள் எழுதிய பாடல்களோடு!