மலையும் மருந்தும் – 7: பேர் விழுந்த பிறகு
மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டம். லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த அக்கா சேலையை லேசாக விலக்கிக் கணுக்காலைக் காட்டினார். தேயிலை வாது கிழித்த புண். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசிப் பூசி ஓரம் கறுத்திருந்தது. அவருக்குச் சீனி வருத்தம் வேறு. புண் வந்து மூன்று கிழமை.

"ஏன்க்கா ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"போனா அன்னைக்குப் பேர் போயிரும் தம்பி. ஓட்டோவுக்கும் குடுக்கணும்."

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோவை நிறுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். நாட்சம்பளம் 1,000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான், அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு.

அக்காவின் மணிக்கட்டில் மந்திரித்த கயிறும் இருந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் டவுனில் இருப்பவர்கள், 'தோட்டத்துச் சனங்களுக்கு மூடநம்பிக்கை' என்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பொறுப்பதில்லை. சாமி பார்ப்பவர் அந்தியில் வீட்டில் இருப்பார். கொழுந்து நிறுத்து, பேர் விழுந்த பிறகு போகலாம். கிளினிக்கோ காலையில். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் அதே காலை. கயிறு கட்டிக்கொண்டவர் மருந்தை வெறுத்தவரல்லர். அந்த நேரத்தில் திறந்திருந்த கதவு அது ஒன்றுதான்.

தோட்ட டிஸ்பென்சரி பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்குள்ள மருத்துவ உதவியாளர் பல இடங்களில் சில தோட்டங்களுக்குச் சேர்த்து ஒருவர். அவர் வராத நாளில் காய்ச்சல் கண்டால் கடையில் பெனடோல், வீட்டில் கொத்தமல்லித் தண்ணி. நாட்டின் மற்றக் கிராமங்களில் மருந்து அரசின் பொறுப்பு. தோட்டத்தில் முதல் மருந்து நெடுங்காலமாகத் தோட்ட நிர்வாகத்தின் கையில். கோப்பிக் காலத்திலேயே, 1872இல், கூலிகளின் மருத்துவத் தேவைக்கென்று சட்டம் போட்டார்கள். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனது. கை மாறிக்கொண்டே இருந்தது. டிஸ்பென்சரி மட்டும் பெரும்பாலும் தோட்டத்தோடேயே நின்றுவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரி இல்லாமலில்லை. இந்திய உதவியில் டிக்கோயாவில் கட்டிய 150 கட்டில் மருத்துவமனையை 2017 மே 12ஆம் திகதி மோடி வந்து திறந்தார். 1990க்கு அடித்தால் இலவச அம்பியூலன்ஸும் உண்டு. அது வந்து நிற்பது தார் ரோட்டில். லயத்திலிருந்து ரோடு வரைக்கும் ஆளைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டிய மலைகள் இன்னும் இருக்கின்றன. ராத்திரி, மழை, அட்டை. தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேருக்கும் மறுநாள் பெரட்டு.

அக்கா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பைக்குள்ளிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து வந்தார். எல்லாம் சிங்களத்தில். போன இரண்டு திகதிகளுக்கும் அவர் போகவில்லை. அடுத்தது எப்போது என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன்: புதன்கிழமை. விரலில் எண்ணிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையில கிளினிக் வைக்கச் சொல்லி எழுதுங்க தம்பி."

(தொடரும்)