பெட்டி பெருசு... சத்தம் ஏன் சிறுசு?

பாடகரின் குரல் தெளிவாகக் கேட்கிறது. ஆனால், தவில் 'தொம்' என்று விழ வேண்டிய இடத்தில் 'டப்' என்று மட்டும் கேட்கிறது. ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்த இரட்டை ஊஃபர் பாக்ஸ், சர்வீஸுக்குப் போய் வந்த பிறகு பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோ மாதிரி ஒலிக்கிறது.

பலரும் உடனே வால்யூமை முழுசாகத் திருப்புவார்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், 'ஊஃபர் போயிடுச்சு, புதுசு வாங்கணும்' என்று சில ஆயிரங்களை எடுத்து வைப்பார்கள். இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒரே ஒரு ஒயரை!

எதிரும் புதிரும்

ஊஃபரின் கோன் முன்னே வரும்போது காற்றைத் தள்ளுகிறது. பின்னே போகும்போது இழுக்கிறது. இரண்டு ஊஃபர்களும் சேர்ந்து தள்ளினால்தான் பேஸ் நெஞ்சில் இடிக்கும். ஒன்றில் மட்டும் ப்ளஸ், மைனஸ் ஒயர் மாறியிருந்தால், ஒன்று தள்ளும் காற்றை இன்னொன்று இழுத்துக்கொள்ளும். இரண்டும் உழைக்கும், பேஸ் மட்டும் காணாமல் போகும்.

குரல் ஏன் தப்பிக்கிறது? 40 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் ஓர் அலை சுமார் எட்டரை மீட்டர் நீளம். அதற்கு முன்னால், அடுத்தடுத்து இருக்கும் இரு ஊஃபர்களுக்கு இடையிலான தூரம் ஒன்றுமே இல்லை. அதனால் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுசாக அழித்துவிடுகின்றன. குரலிலும் ஜால்ராவிலும் உள்ள மேல் சுருதி ஒலிகளின் அலை சில சென்டிமீட்டர்தான் என்பதால், அவை அவ்வளவாக அடிபடுவதில்லை.

பேட்டரி சொல்லும் பதில்

ஆம்ப்ளிஃபையரை அணைத்து, பாக்ஸுக்கு வரும் ஒயர்களைக் கழற்றிவிட வேண்டும். முன்பக்க வலையை எடுத்துவிட்டு, 9 வோல்ட் பேட்டரியின் ப்ளஸ்ஸை பாக்ஸின் ப்ளஸ்ஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தால் போதும். இரண்டு கோன்களும் ஒரே பக்கம் அசைந்தால் ஒயர் சரி. ஒன்று முன்னேயும் ஒன்று பின்னேயும் போனால், ஏதாவது ஓர் ஊஃபரின் ஒயர்களை மட்டும் மாற்றிப் போட வேண்டும். செலவு, கொஞ்சம் ஈயம்தான்!

உள்ளேயே ஆம்ப் வைத்த சப் ஊஃபரில் பேட்டரி சோதனை கூடாது. அதன் பின்பக்கம் 0, 180 என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால், பாட்டு ஓடும்போதே மாற்றிப் பார்த்து, பேஸ் அதிகம் கேட்கும் நிலையில் விட்டுவிடலாம்.

ஒன்று அசையவே இல்லையா?

அதன் ஒயர் விட்டிருக்கலாம், காயில் கருகியிருக்கலாம். மல்டிமீட்டர் இதைச் சொல்லிவிடும். நல்ல 8 ஓம் ஊஃபர் மீட்டரில் சுமார் 6 ஓம் காட்டும். பேரலல் இணைப்பில் இரண்டுக்கும் சேர்த்து சுமார் 3 வர வேண்டும். 6 வந்தால் ஒன்று வேலை செய்யவில்லை. 12 வந்தால் இரண்டும் சீரிஸில் இருக்கின்றன. அதனாலும் சத்தம் குறையும். பேரலலுக்கு மாற்றும் முன், ஆம்ப் 4 ஓம் தாங்குமா என்று அதன் பின்பக்கம் பார்ப்பது கட்டாயம். தாங்காத ஆம்ப் சூடாகிக் கருகிவிடும்.

காற்றுக் கசிவு

ஒயரில் குறையில்லை என்றால், பெட்டியைக் கவனிக்கலாம். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நாளாக நாளாக உதிரும். கழன்ற ஸ்க்ரூ, விரிந்த மூலை வழியாகவும் காற்று ஓடும். பேஸ் பாட்டை ஓடவிட்டு ஓரங்களில் கையை நகர்த்தினால் 'புஸ்' என்று தெரியும். பெட்டியோடு வந்த வட்டத் துளை காற்றுக்காகவே வைத்தது; அதை அடைக்கக் கூடாது.

கடைசியாக, இடம். நடு ஹாலில் இருக்கும் பாக்ஸை சுவர் மூலைக்கு நகர்த்தினாலே பேஸ் கூடும்.

குறையைத் தேடாமல் வால்யூமை மட்டும் கூட்டினால், திணறும் ஆம்ப் நல்ல ஊஃபரின் காயிலையும் சேர்த்து எரித்துவிடும். அதனால், அடுத்த முறை பாக்ஸைத் திறக்கும் முன் ஒயர்களை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால் நல்லது. எந்த ஒயர் எங்கே இருந்தது என்ற குழப்பமே வராது!