நிலத்தடித் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?



கோடை பிறந்துவிட்டால் நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு அதிகமாக வருவது, வீட்டில் போர் போட உதவி கேட்கும் மனுக்கள்தாம். படிப்புச் செலவுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தயங்காமல் கொடுக்கிறீர்கள், தண்ணீருக்கு மட்டும் ஏன் இத்தனை யோசனை, தண்ணீர் கொடுப்பது எவ்வளவு பெரிய ஸதகா என்பது நிர்வாகிகளுக்குத் தெரியாதா என்று சிலர் வருத்தப்பட்டுக் கேட்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. பணம் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. இதற்கான விளக்கம் பொருளாதாரப் பாடத்தில் இருக்கிறது, ஃபிக்ஹு கிதாபுகளிலும் இருக்கிறது. சற்று நீளமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் பொறுமையோடு படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பொருளாதார அறிஞர்கள் எந்தப் பொருளைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். பணம் கொடுக்காதவரை அதை அனுபவிக்க விடாமல் தடுக்க முடியுமா? ஒருவர் அனுபவித்தால் அடுத்தவருக்குக் குறையுமா? கடையில் வாங்கும் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு கேள்விக்கும் ஆம் என்பதே பதில். காசு தராதவருக்குக் கடைக்காரர் கொடுக்க மாட்டார். நான் வாங்கிய அரிசியை நீங்கள் சமைக்க முடியாது. இத்தகைய பொருள்களைச் சந்தை நன்றாகவே கவனித்துக்கொள்கிறது. தெருவிளக்குக்கு இரண்டுக்கும் இல்லை என்பது பதில். அதன் வெளிச்சத்தில் நான் நடந்ததால் உங்களுக்கு இருட்டிவிடாது. பணம் கொடுக்காதவர் கண்ணுக்கு மட்டும் அதை அணைக்கவும் முடியாது. இப்படிப்பட்டவற்றைப் பொதுப்பொருள்கள் என்கிறார்கள். 1954-ல் பால் சாமுவேல்சன் என்ற அமெரிக்க அறிஞர் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார். பொதுப்பொருளைச் சந்தையின் கையில் விட்டால் தேவையான அளவு கிடைக்காது. யாராவது செலவு செய்யட்டும், நாம் ஓசியில் அனுபவிப்போம் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிய சங்கதியாகத் தோன்றாது. ஃபர்ளு கிஃபாயா என்று படித்திருக்கிறோம். மையித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுது அடக்குவதைச் சிலர் செய்துவிட்டால் மற்றவர்கள் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். ஒருவருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற மனப்போக்கை ஷரீஅத் எவ்வளவு முன்பே கண்டுகொண்டிருக்கிறது பாருங்கள்.

நிலத்தடித் தண்ணீர் இந்த இரண்டு வகையிலும் சேராது. மனை வைத்திருப்பவர் யாராயினும் குழாயை இறக்கலாம், தடுப்பது கடினம். ஆனால் ஒருவர் எடுத்தால் அடுத்தவருக்குக் குறையும். அரிசியைப் போலத் தீர்ந்துபோகும், தெருவிளக்கைப் போலத் திறந்து கிடக்கும். இதைப் பொதுவள ஆதாரம் என்பார்கள். கடலில் மீன், காட்டில் விறகு, ஊர்ப் பொது மேய்ச்சல் எல்லாம் இந்த வகைதான்.

நம்மைப் போன்ற கடலோர ஊர்களில் இந்தக் குறைவு எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணுக்கடியில் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அக்கம்பக்கமாகவே இருக்கின்றன. நல்ல தண்ணீர் எடை குறைந்தது என்பதால் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீராகவே இருக்கும் என்பது விஞ்ஞானிகள் போட்ட கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் வைத்து இழுத்து இழுத்து மேல்மட்டத்தை 1 மீட்டர் இறக்கிவிட்டால், காலப்போக்கில் அடியிலிருக்கும் உப்புநீர் 40 மீட்டர் மேலே ஏறிவிடும். மண்ணின் தன்மையைப் பொறுத்து இது முன்னே பின்னே இருக்கலாம், போகிற திசை இதுதான். தண்ணீர் கிடைக்கவில்லை என்று குழாயை மேலும் ஆழமாக இறக்குகிறவர் உப்பின் வாய்க்கு அருகில்தான் போகிறார். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறார்கள். ஒருமுறை உப்பேறிய மண்ணைக் கழுவி எடுக்க எத்தனை மழைக்காலம் தேவைப்படும் என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

இதில் யாருக்கு நஷ்டம்? வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் இருநூறு அடிக்குப் போர் போட்டு, பெரிய மோட்டார் மாட்டி, சுத்திகரிப்பு மெஷினும் வைத்துக்கொள்வார்கள். பக்கத்தில் கைபம்பை நம்பியிருக்கும் விதவைத் தாயின் வீட்டில்தான் முதலில் காற்று வரும், அல்லது உப்பு வரும். போர் போட்டவர் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. குழாய், மோட்டார், கரண்டு எல்லாவற்றுக்கும் தம் காசைத்தான் கொடுத்தார். அடுத்த வீட்டில் குறைந்துபோன தண்ணீருக்கான விலை மட்டும் எந்த பில்லிலும் ஏறவில்லை. ஒருவருடைய காரியத்தின் செலவு, கணக்கில் வராமல் இன்னொருவர் தலையில் விழுவதைச் சந்தைத் தோல்வியின் முக்கியமான அடையாளமாகப் பொருளாதாரம் சொல்கிறது. இப்படி விழும் செலவை வரியாகப் போட்டு, செய்கிறவரிடமே வசூலிக்க வேண்டும் என்று 1920-ல் பிகூ என்ற ஆங்கிலேயர் எழுதினார்.

தண்ணீர் லாரியும் கேன் தண்ணீரும் வந்துவிட்டனவே, சந்தை தன் வேலையைச் செய்கிறதே என்று கேட்கலாம். லாரிக்காரர் அந்தத் தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருகிறார்? ஊருக்கு வெளியே ஏதோ ஒரு தோப்பில் போட்ட போரிலிருந்துதானே. நாம் கொடுக்கும் காசு டீசலுக்கும் டிரைவருக்கும் தோப்புக்காரருக்கும் போகிறது. அந்தக் கிராமத்துக் கிணறுகளுக்கு ஒன்றும் போவதில்லை. தட்டுப்பாடு கூடினால் விலை ஏறும். விலை ஏறினால் இன்னும் நாலு போர் போடத் தோன்றும். அரிசி விலை ஏறினால் அடுத்த போகத்தில் அதிகமாக விதைப்பார்கள். தண்ணீரை யார் விதைப்பது?

விதைக்க ஒரு வழி இருக்கிறது, மழைநீர் சேகரிப்பு. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமாக்கப்பட்டது. அன்று அவசரமாகத் தோண்டிய குழிகள் எத்தனை வீட்டில் இன்று மண் மூடிக் கிடக்கின்றன என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. என் வீட்டுக் குழியில் இறங்கும் மழைநீர் என் மனைக்கடியிலேயே நிற்காது, தெரு முழுவதற்கும் பரவிவிடும். அதாவது நிலத்தடி நீரை எடுப்பதில் வரும் லாபம் எனக்கு, நிரப்புவதில் வரும் லாபம் ஊருக்கு. எடுக்கும்போது அது பொதுவள ஆதாரம், நிரப்பும்போது பொதுப்பொருள். ஒன்றில் எல்லோரும் முந்துவார்கள், மற்றதில் எல்லோரும் பிந்துவார்கள். நம் தண்ணீர்ப் பிரச்சினையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சட்டமும் பெரிதாகத் துணைக்கு வருவதில்லை. 1882-ல் வெள்ளையர் காலத்தில் இயற்றப்பட்ட வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கடியில் வரையறுத்த ஓடையாக ஓடாத தண்ணீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-ல் திரும்பப் பெறப்பட்டது. உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீரை இறைக்கும் நாடு இந்தியா. ஆண்டுக்குச் சுமார் 24,000 கோடி கன மீட்டர்.

ஃபிக்ஹு இதை வேறு கண்ணோடு பார்க்கிறது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்தில் வரும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. குடத்தில் பிடித்த பிறகு அது பிடித்தவருக்குச் சொந்தம், அதை விற்கவும் செய்யலாம். ஊற்றில் இருக்கும்வரை பொது என்று ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஹரீம் என்ற சட்டம் இதைவிட நுட்பமானது. யாருக்கும் சொந்தமில்லாத தரிசில் ஒருவர் கிணறு வெட்டினால், அதைச் சுற்றி ஒரு எல்லைக்குள் இன்னொருவர் கிணறு வெட்டக் கூடாது. கால்நடைகள் தண்ணீர் குடிக்கும் கிணற்றுக்கு 40 முழம் என்று ஹனஃபி நூல்கள் அளவே சொல்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் அந்தக் கிணற்றின் தேவையைப் பொறுத்து எல்லை அமையும். அடுத்தவர் தோண்டினால் முதல் கிணறு வற்றும் என்ற விஷயத்தை மோட்டாரே இல்லாத காலத்தில் யோசித்திருக்கிறார்கள். அவரவர் சொந்த மனைக்குள் போடும் போருக்கு இந்தச் சட்டம் அப்படியே பொருந்தாது. அதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் ஃபத்வா சொல்ல வரவில்லை.

மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி எல்லோருக்கும் வக்ஃபாக்கிய வரலாறு நமக்குத் தெரியும். காசுக்குக் கிடைத்த தண்ணீர் பொதுவானது. அந்த வரலாற்றைக் காட்டித்தான் பலரும் வீட்டு போருக்கு உதவி கேட்கிறார்கள். அவர்கள் வக்ஃபாக்கியது இருந்த ஒரு கிணற்றை. வீட்டுக்கு வீடு புதுக் குழாய் இறக்கவில்லை.

1968-ல் காரெட் ஹார்டின் என்ற உயிரியல் அறிஞர் எழுதிய கட்டுரை ஒன்று உலகப் புகழ் பெற்றது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்ப்பார்கள், கடைசியில் புல்லே இருக்காது என்றார். அரசு கையில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்குப் பங்கு போட்டுவிட வேண்டும் என்பது அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட முடிவு. இதை மறுத்துக் காட்டியவர் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவர், 2009-ல். அவர் தம் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ந்தது நம் ஊர்ப் பிரச்சினையைத்தான். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒட்டிய கடலோர நிலத்தடி நீர்ப்படுகை அது, வெஸ்ட் பேசின் என்று பெயர்.

அங்கே நகராட்சிகள், குடிநீர் கம்பெனிகள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் போட்டி போட்டு இறைத்தார்கள். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறியது. சட்டப்படி யாருக்கு எவ்வளவு உரிமை என்பதில் தெளிவே இல்லை. 1945-ல் வழக்கு தொடங்கியது. வழக்கு நடக்கும்போதே, 1946-ல், தண்ணீர் எடுப்பவர்கள் ஒரு சங்கம் அமைத்து மாதாமாதம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். வழக்கில் யார் ஜெயிப்பார் என்று ஒருவருக்கும் தெரியாததே சமாதானத்துக்கு உதவியது என்று சொல்லலாம். ஒவ்வொருவரும் தம் அளவிலிருந்து ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வது என்று ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் ஒரு புத்திசாலித்தனமான நிபந்தனை இருந்தது. தண்ணீரில் பெரும்பகுதியை எடுப்பவர்கள் கையெழுத்திட்டால்தான் ஒப்பந்தம் அமலுக்கு வரும், அதுவரை யாரும் குறைக்க வேண்டியதில்லை. நான் மட்டும் குறைத்து மற்றவர் இறைத்துக்கொண்டால் நான் ஏமாளி என்ற பயம் இதனால் நீங்கியது. 1961-ல் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியானது, யாரும் யாரையும் சரிபார்க்கலாம். 1959-ல் ஓட்டெடுப்பு நடத்தி ஒரு வாரியம் அமைத்து, எடுக்கும் தண்ணீருக்குக் கட்டணம் வைத்து, அந்தப் பணத்தில் படுகையை நிரப்பினார்கள். பிகூ சொன்ன வரி மாதிரிதான். கடலோரமாக வரிசையாகக் கிணறு போட்டு நல்ல தண்ணீரை உள்ளே செலுத்தி உப்புக்குத் தடுப்பும் கட்டினார்கள். அவர்களுக்கு வெளியிலிருந்து ஆற்று நீர் கொண்டுவர வசதி இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாற்று இல்லாமல் எடுப்பதைக் குறைக்கச் சம்மதித்திருப்பார்களா என்பது சந்தேகமே.

ஆஸ்ட்ரம் அம்மையார் எழுதிய இன்னொரு உதாரணம் ஸ்பெயினில் வலென்சியா. அந்தலூஸில் முஸ்லிம்கள் காலத்தில் வளர்ந்த பாசனக் கால்வாய்கள் அங்கே இன்றும் ஓடுகின்றன. கால்வாய்க்கு அவர்கள் சொல்லும் பெயரே ஸாகியா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டுக் கால்வாய்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வியாழன்தோறும் நண்பகலில், முன்பு ஜும்ஆ பள்ளி இருந்த இடத்தில் எழுந்துள்ள தேவாலயத்தின் வாசலில் கூடுகிறார்கள். முறை தவறித் தண்ணீர் எடுத்தவரை அங்கேயே விசாரித்து, வக்கீல் இல்லாமல், வாய்மொழியாகவே தீர்ப்புச் சொல்கிறார்கள். நூற்றாண்டுகள் கடந்தும் அது நடக்கிறது.

இரண்டு இடத்திலும் கணக்கு வெளிப்படையாக இருந்தது, தண்ணீர் எடுப்பவர்களே விதியை வகுத்தார்கள், மீறியவருக்குக் கேள்வி இருந்தது. நம் தெருக்களில் இது நடக்குமா? கல்யாணப் பந்தலுக்கும் கந்தூரிக்கும் தெருவாகக் கூடுகிற நம்மால் முடியும் என்றே நம்புகிறேன். மோட்டார் கணக்கைக் கேட்டால் கோபப்படுகிறவர்களும் இருப்பார்கள், அதையும் எதிர்பார்க்கிறோம்.

ஆகவே இந்த ஆண்டு முதல் தனி வீட்டுக்கு போர் போடும் மனுக்களுக்குப் பதிலாகத் தெரு மனுக்களை எடுத்துக்கொள்வதென்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. ஒரு தெருவில் பெரும்பாலான வீட்டார் கையெழுத்திட்டு வந்தால், பொதுக் கிணற்றுக்கும், தெருவின் மழைநீர்க் குழிகளைத் தூர்வாருவதற்கும் டிரஸ்ட் சேர்த்தே உதவும். பழைய திறந்த கிணறு இருந்தால் அதைச் சீர்செய்வதற்கே முதலிடம். பள்ளிவாசல் கிணற்றின் நீர்மட்டமும் உப்பின் அளவும் மாதம் ஒருமுறை அளந்து அறிவிப்புப் பலகையில் எழுதப்படும். பள்ளியின் ஒளுத் தண்ணீர் சாக்கடைக்குப் போகாமல் மணல் வடிகட்டி வழியாக மண்ணில் இறங்க ஏற்பாடு செய்யப்படுகிறது. ஆதரவற்ற வீடுகளுக்கு அதுவரை குடிநீர் கொடுக்கும் வேலை வழக்கம்போல் தொடரும், அதற்கு மனு தேவையில்லை, பக்கத்து வீட்டார் தகவல் சொன்னாலே போதும். தெரு மனுப் படிவங்கள் அஸருக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும். வீட்டில் எத்தனை பேர், இப்போது எத்தனை அடியில் தண்ணீர், ஒரு நாளில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்ற மூன்று விவரங்களையும் ஒவ்வொரு வீட்டாரும் அதில் நிரப்பித் தர வேண்டும்.