அலைகளைப் பங்கிட்ட ஐந்து தலைமுறைகள்

கைப்பேசித் திரையின் ஓரத்தில் 4ஜி என்றோ 5ஜி என்றோ சிறிதாகத் தோன்றும் குறியை நாம் வேகத்தின் அடையாளமாகவே கருதிப் பழகிவிட்டோம். விளம்பரங்களும் அவ்வாறே நமக்குப் போதிக்கின்றன. ஆயினும் அந்தக் குறிக்குப் பின்னாலுள்ள சரித்திரத்தை ஊன்றி நோக்கினால், வேகம் பின்னால் வந்து சேர்ந்த பலன் என்பதும், எல்லாத் தலைமுறைகளும் தீர்க்க முயன்ற பிரச்சினை ஒன்றே என்பதும் புலனாகும். அந்தப் பிரச்சினை பங்கீடு. ரேடியோ அலைகளுள் தொலைபேசிக்கு ஏற்ற பகுதி மிகக் குறுகியது. அதை வேண்டுவோரோ நாளுக்கு நாள் பெருகுகிறவர்கள். இருப்பதைக் கொண்டு எல்லோரையும் பேசவைப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு மனித புத்தி அடுத்தடுத்துக் கண்ட விடைகளே தலைமுறைகள் எனப் பெயர் பெற்றன.

1946-ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மோட்டார் கார்களுக்குத் தொலைபேசிச் சேவை தொடங்கியபோது, காரில் ஏற்றிய கருவியின் எடை ஏறக்குறைய 36 கிலோவாக இருந்தது. நகரில் ஒரே சமயத்தில் மூவருக்கு மேல் பேச இயலவில்லை. இக்குறையைப் போக்கும் வழியை மறு ஆண்டு டிசம்பரிலேயே பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் ஒரு குறிப்பில் எழுதிவைத்தார். ஊர் முழுவதற்கும் ஒரே பெரிய கோபுரம் என்னும் முறையைக் கைவிட்டு, ஊரை அறுகோண வடிவமான சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சக்தி குறைந்த கோபுரத்தை நிறுத்தினால், ஒரு வட்டாரத்தில் பயன்படும் அலைவரிசையையே சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு வட்டாரத்திலும் இடையூறின்றிப் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். 'செல்' என்று இன்று உலகமே அழைப்பது இந்த வட்டாரத்தைத்தான். பேசிக்கொண்டே எல்லை கடப்பவரை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடும், அதைக் கணப்பொழுதில் நிர்வகிக்கும் கணினியும், அரசாங்கத்தின் அனுமதியும் ஒருங்கே கூடிவர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

1973 ஏப்ரல் 3 அன்று மோட்டோரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் வீதியில் நின்று, கையில் ஏந்திய கருவியால் பெல் ஆய்வுக்கூடத்துப் போட்டியாளரான ஜோயல் எங்கலை அழைத்துப் பேசினார். 1979-இல் டோக்கியோவிலும், 1981-இல் வட ஐரோப்பிய நாடுகளிலும், 1983-இல் சிகாகோவிலும் முதல் தலைமுறைச் சேவைகள் நடைமுறைக்கு வந்தன. தெற்காசியாவில் முந்திக்கொண்ட நாடு இலங்கை, அங்கே 1989-இலேயே செல்டெல் நிறுவனம் இச்சேவையை ஆரம்பித்தது. இத்தலைமுறையின் பங்கீடு மிக எளியது: பேச்சு முடியும்வரை ஒருவருக்கு ஓர் அலைவரிசை முழுவதும் சொந்தம். அவர் மௌனமாக இருந்தாலும் அது அவருடையதே. குரல் உள்ளபடியே அலைமீது ஏறிச் சென்றமையால், தக்க வானொலிப் பெட்டி வைத்திருந்த எவரும் அந்தரங்கச் சம்பாஷணையை ஒட்டுக்கேட்க முடிந்தது.

ஐரோப்பாவில் நாட்டுக்கு ஒரு முறை இருந்ததால் எல்லை தாண்டினால் கருவி பயனற்றுப் போயிற்று. இதற்குப் பரிகாரம் தேட 1982-இல் ஒரு குழு அமைந்தது. 1987-இல் கோபன்ஹேகனில் 13 நாடுகளின் பிரதிநிதிகள் ஒரே முறையைப் பின்பற்ற ஒப்பந்தம் செய்தனர். ஜி.எஸ்.எம். எனப்பட்ட அந்தப் பொது முறையில் முதல் அழைப்பு 1991 ஜூலை 1 அன்று ஃபின்லாந்தில் நிகழ்ந்தது. இந்த இரண்டாம் தலைமுறையில் குரல் எண்களாக மாற்றப்பட்டுச் சுருக்கப்பட்டது. ஓர் அலைவரிசையின் காலம் எட்டுக் கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் முறைவைத்துப் பாய்ச்சுவதைப் போல, எட்டுப் பேர் ஒரே அலைவரிசையில் முறைவைத்துப் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவாக இருந்தமையால், இடையில் விடுபடுவதை எவர் செவியும் உணரவில்லை. எண்ணாகிவிட்ட குரலைச் சங்கேதமாக்குவது சுலபமாயிற்று. சிம் அட்டை வந்தது. 1992 டிசம்பரில் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி பறந்தது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு டில்லியில் மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தபோது இந்தியாவும் இத்தலைமுறையில் அடியெடுத்து வைத்தது. அக்காலத்தில் நம்மை ஒருவர் அழைத்தாலும் நாமே கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. அந்த வழக்கம் 2003-இல்தான் மறைந்தது.

மூன்றாம் தலைமுறை கைக்கொண்ட யுக்தி இன்னும் ஆச்சரியமானது. அலைவரிசையையும் பகுக்காமல், காலத்தையும் பகுக்காமல், எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே அலைவரிசையில் பேசட்டும். ஆனால் ஒவ்வொரு பேச்சும் தனக்கே உரிய ஒரு சங்கேதத்தால் பெருக்கப்பட்டுச் செல்லட்டும். அந்தச் சங்கேதத்தை அறிந்த கருவி தனக்குரியதை மீட்டுக்கொள்ளும், மற்றவை அதற்கு வெறும் இரைச்சலாகவே தோன்றும் என்பது அதன் தத்துவம். குவால்காம் நிறுவனம் இதை முன்வைத்தபோது நிபுணர் பலர் சந்தேகித்தனர். கோபுரத்தின் அருகிலிருப்பவரின் வலுத்த அலை தொலைவிலிருப்பவரின் மெல்லிய அலையை விழுங்கிவிடாதா என்ற அவர்களது ஆட்சேபம் நியாயமானதே. கருவியின் சக்தியை வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை கூட்டியும் குறைத்தும் அந்த இடர் களையப்பட்டது. 2001 அக்டோபரில் ஜப்பானின் டோகோமோ நிறுவனம் இத்தத்துவத்தின்மீது எழுப்பிய 3ஜி சேவையைத் தொடங்கியது. கைப்பேசி இணையத்துக்கு வாயிலாவதும் இதனால் விரைவுபட்டது.

2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் பிறந்த நான்காம் தலைமுறை, அகன்ற அலைக்கற்றையை நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரித்து, எவருக்கு எத்தனை இழைகள் என்பதை வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை புதிதாக நிர்ணயிக்கிறது. குரலுக்கென்று தனிப் பாதை இதில் இல்லை. பேச்சும் படமும் பாட்டும் யாவும் தகவல் துணுக்குகளாகவே செல்கின்றன. இதற்குத் துணைநின்ற மற்றொரு கண்டுபிடிப்பில் தமிழ்நாட்டுக்கு உரிமையுண்டு. பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, நீர்மூழ்கிகளைக் கண்டறியும் சோனார் கருவியை உருவாக்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், 1992-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய கருத்தை வகுத்தார். கட்டடங்களில் மோதிச் சிதறும் அலைகளைப் பொறியாளர்கள் அதுவரை தொல்லையாகவே கண்டார்கள். அச்சிதறலாலேயே பாதைகள் பலவாகின்றன. எனவே இரு முனையிலும் பல ஆன்டெனாக்களை வைத்தால் ஒரே அலைவரிசையில் பல ஓடைகளைத் தனித்தனியே செலுத்தலாம் என்றார் அவர். மைமோ எனப்படும் இம்முறை இன்றைய 4ஜி, 5ஜி இரண்டுக்கும் ஆதாரம். 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு வழங்கப்பட்டது.

2019 ஏப்ரலில் தென்கொரியாவிலும் 2022 அக்டோபரில் இந்தியாவிலும் தொடங்கிய ஐந்தாம் தலைமுறை, ஆன்டெனாக்களின் தொகையைப் பெருக்கி, அலையைக் குறுகிய கற்றையாக்கி, வேண்டுபவரை நோக்கியே செலுத்துகிறது. ஒரே வானத்தை இவ்வாறு திசைவாரியாகவும் பங்கிட முடிகிறது. மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளையும் அது பயன்படுத்த முற்படுகிறது. அத்தகைய அலைகளை 1890-களிலேயே கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஜகதீஷ் சந்திர போஸ் உண்டாக்கி ஆராய்ந்தார் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. அவை சுவரை எளிதில் ஊடுருவா, நெடுந்தொலைவு செல்லா. ஆகவே கோபுரங்களை நெருக்கமாக நாட்டவேண்டியிருக்கிறது, அவ்வாறு நாட்டுவது ஜனநெருக்கமுள்ள நகரங்களில்தான் கட்டுப்படியாகிறது.

இங்கேதான் பங்கீட்டின் தர்மம் நம் கவனத்தைக் கோருகிறது. வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று நமது உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புரைத்தது. அந்தச் சொத்தை எத்தனை பேர் அனுபவிக்கிறார்கள் என்பதைக் கொண்டே ஒரு தலைமுறையின் மேன்மையை மதிப்பிடவேண்டும். பழைய தலைமுறையின் அலைவரிசைகளைப் புதியதற்கு விடுவிக்கும்பொருட்டு உலகின் பல நாடுகள் 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்தி வருகின்றன. அதன் அவசியத்தை மறுப்பதற்கில்லை. எனினும் நம் நாட்டில் பொத்தான் வைத்த எளிய கைப்பேசியால் மகனோடு பேசுகிற தாயும், சந்தை விலை விசாரிக்கிற விவசாயியும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு எட்டும் விலையில் மாற்றுக் கருவியும், அவர்கள் ஊர்வரை எட்டும் கோபுரமும் வாய்த்த பிறகே பழைய விளக்கை அணைப்பது நியாயம். ஆறாம் தலைமுறைக்கான இலக்குகளைச் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் 2023-இல் வகுத்தபோது, இணைப்பற்றோரை இணைப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தது. மூவர் மட்டும் பேசிய நிலையிலிருந்து கோடிக்கணக்கானோர் பேசும் நிலைக்கு நம்மைக் கொணர்ந்த அதே புத்திநுட்பம், எஞ்சியிருப்போரையும் அழைத்துக்கொள்ளப் பயன்படுமானால், அதுவே இத்தனை தலைமுறைகளின் உழைப்புக்கும் உரிய நிறைவாகும்.