பன்னீர் பாட்டிலில் ரோஜா எங்கே?

உறவினர் திருமணத்தில் மிஞ்சிய பன்னீர் பாட்டிலை நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். வரவேற்பில் தெளிக்க வாங்கியது. வீணாக்க மனம் வரவில்லை. பள்ளி விட்டு வெயிலில் வரும் மகளின் முகத்தில் பஞ்சால் நனைத்துத் துடைத்தேன். மூன்றாம் நாள் கன்னம் சிவந்து தடித்துவிட்டது. கிளினிக்கில் மருத்துவர் பாட்டிலைக் காட்டச் சொன்னார். தண்ணீர், செயற்கை வாசனை, நிறமி. ரோஜா படத்தில் மட்டும்தான் இருந்தது.

பாட்டி பூசியதும் பன்னீர்தானே என்று எனக்கும் தோன்றியது. அது வடித்தெடுத்த பன்னீர். இதழ்களைக் கொதிக்க வைத்து, எழும் ஆவியைக் குளிர வைத்துச் சேர்ப்பது. இந்தியாவில் கன்னோஜ், ஈரானில் காஷான் ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. தெளிக்க விற்பது பெரும்பாலும் வாசனைத் தண்ணீர். சபையில் தெளிக்கலாம், முகத்துக்கு வேண்டாம்.

மகளின் கன்னம் ஆறிய பிறகு நானே காய்ச்சிப் பார்த்தேன். பெரிய பானையின் நடுவில் ஒரு சிறு கிண்ணம். சுற்றிலும் இதழ்கள், அவை மூழ்கும் அளவு தண்ணீர். மூடியைக் கவிழ்த்து வைத்து, மேலே ஐஸ் கட்டிகள். சிறு தீ போதும். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். முதலில் வடிவதுதான் மணம் மிக்கது. மணம் குறைந்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். கொதிநீரில் கழுவிய கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும். கலங்கினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பூக்கடை ரோஜாவை இதற்கு எடுக்காதீர்கள். பூச்சி மருந்து அடித்திருக்கலாம். நான் தொட்டியில் பூத்ததை மட்டும் சேர்க்கிறேன். எந்த மலர் நீரானாலும் முதலில் முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். கடையில் வாங்கினால் லேபிளில் ‘ரோசா டமாஸ்கேனா’ மலர் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பர்ஃபியூம்’ என்றிருந்தால் திருப்பி வையுங்கள். முகம் வெளுக்கும், பரு மறையும் என்பதெல்லாம் விளம்பரம். கொஞ்சம் குளிர்ச்சி, நல்ல மணம், அவ்வளவே.

வீட்டுக்குத்தான் பயன் அதிகம். சட்டையை இஸ்திரி போடுமுன் தெளிப்பேன். வெட்டிவேர் ஊறிய நீரில் தரை துடைப்பேன். பாண்டான் இலையையும் இப்படியே வடிக்கலாம். அடுப்படி முழுக்க மணக்கும். கரப்பான் ஓடும் என்பார்கள், என் வீட்டில் ஓடவில்லை.

மகள் இன்னும் முகத்தில் தொட விடுவதில்லை. தலையணையில் மட்டும் தெளித்துக்கொள்கிறாள்.