திட்டத்தை மாற்றவும் இடம் தரும் செயலி

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகள் ஒரே கூடத்தில், ஒரே பணியாளரின் பொறுப்பில் இருப்பதே அங்கன்வாடியின் இயல்பு என்பதால், வகுப்புக்கு ஒரு பாடம் என்ற பள்ளிக்கூட முறையை அப்படியே கைபேசிக்குள் ஏற்றும் மென்பொருள் அங்கே நெடுநாள் தாக்குப்பிடிக்காது. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் முன்பருவக் கல்வியும் ஓர் அங்கம். அதற்கென ஒன்றிய அரசு 2024இல் வெளியிட்ட ‘ஆதார்ஷிலா’ பாடத்திட்டம், 48 வார நாட்காட்டியை வகுத்து, முதல் 4 வாரங்களைக் குழந்தை வீட்டைவிட்டு மையத்துக்குப் பழகுவதற்கும், அடுத்த 36 வாரங்களை விளையாட்டுவழிக் கற்றலுக்கும், எஞ்சிய 8 வாரங்களை மீள்பார்வைக்கும் ஒதுக்கியது. வாரத்தில் 5 நாள் புதிய செயல்பாடுகள், 6ஆம் நாள் அவற்றை வலுப்படுத்தல். இத்தனை தெளிவாக இருப்பதைச் செயலியாக்குவதில் என்ன சிரமம் என்று தோன்றலாம்.

சிரமம், எதை அடிப்படை அலகாகக் கொள்வது என்பதில் தொடங்குகிறது. பாடத்துக்குப் பதிலாகச் செயல்பாட்டை அலகாகக் கொண்டால், ‘பொருள்களை வகைபிரித்தல்’ என்ற ஒரே அட்டையில் மூன்று படிநிலைகளை அடக்கலாம்: மூன்று வயதுக் குழந்தை கொட்டாங்குச்சியையும் வளையலையும் தனித்தனியாகக் குவிக்கும்; நான்கு வயதுக் குழந்தை அவற்றை ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கும்; ஐந்து வயதுக் குழந்தை எந்தக் குவியலில் அதிகம் என எண்ணி ஒப்பிடும். புளியங்கொட்டை போன்ற, தொண்டையில் சிக்கக்கூடிய பொருளைப் பணியாளர் தேர்ந்தெடுத்தால், சிறு குழந்தைகள் உள்ள கூடத்துக்கு அது ஆகாது என்று செயலி அங்கேயே எச்சரிக்க வேண்டும்.

வயது, வளர்ச்சித்துறை, இடம், நேரம், கையிருப்புப் பொருள் ஆகிய குறிப்புகள் ஒவ்வோர் அட்டையிலும் இருந்தால், வாரத் திட்டம் வகுப்பது கட்டுப்பாட்டு நிறைவுக் கணக்காக, அதாவது எல்லா நிபந்தனைகளுக்கும் ஒருசேரப் பொருந்தும் தேர்வைக் கண்டறியும் கணக்காக மாறுகிறது. மழை வந்து வெளி விளையாட்டு நின்றுபோனால், உள்ளரங்கில் நடத்தக்கூடிய இரண்டு மூன்று மாற்றுகளைக் காட்டிவிட்டு, தேர்வைப் பணியாளரிடமே விடுவது நல்லது. இணைப்பு இல்லாத ஊர்களிலும் இது இயங்க வேண்டுமானால் அட்டைகள் கைபேசியிலேயே சேமிக்கப்பட்டு, இணைப்பு கிடைக்கும்போது மட்டும் மையக் கணினியுடன் ஒத்திசைய வேண்டும்.

பதிவுசெய்வதில்தான் இத்தகைய அமைப்புகள் பெரும்பாலும் சறுக்குகின்றன. வருகையும் எடையும் உயரமும் 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் ஏறிவரும் நிலையில், அதே வருகையை மறுபடியும் கேட்கும் இன்னொரு செயலி, பதிவேடுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதன்றி வேறொன்றும் செய்யாது. ‘நடந்தது, பாதி நடந்தது, நடக்கவில்லை’ என்ற மூன்றில் ஒன்றைத் தொட்டால் பதிவு முடிந்துவிட வேண்டும். 6ஆம் நாளுக்கான பட்டியலை, விடுபட்ட செயல்பாடுகளையும் வராத குழந்தைகளையும் கொண்டு செயலியே தயாரித்துவிடும். ஒரே செயல்பாடு பல மையங்களில் தொடர்ந்து விடுபடுமானால், தேவையான பொருள் கிடைக்கவில்லை அல்லது அட்டையின் விளக்கம் புரியவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும் என்பதால், அத்தகவல் பாடத்திட்டம் வகுப்போரைச் சென்றடைவது அவசியம். அது பணியாளரின் பெயரும் மையத்தின் எண்ணும் நீக்கப்பட்டே செல்ல வேண்டும்; பெயரோடு சென்றால், மறுமாதத்திலிருந்து எல்லாச் செயல்பாடுகளும் ‘நடந்தது’ என்றே பதிவாகும்.